சிடி4 எண்ணிக்கை 438: எல்லையோர லேப் ஒன்றின் ‘எதிர்ப்பு சக்தி பேக்கேஜ்’

விலை 3,450 ரூபாய். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வரும், அப்புறம் உணவு ஆலோசகர் ஒருவர் போனில் பேசுவார். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் வழியெல்லாம் இதன் தட்டி தொங்குகிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். லேபின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு வேண்டியது அந்த ரிப்போர்ட் தாள் மாற வேண்டும் என்பதுதான், அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் பிழைப்பு கெட வேண்டும் என்பது இல்லை.

என் அத்தான் இந்த பேக்கேஜை எடுத்தார். ரிப்போர்ட் வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்துப் பதினோரு நாள் அக்கா வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் போன அன்று மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தொடாமல் அடுப்படியில் இருந்தன.

நான் லேப் டெக்னீஷியன். ஓய்வு பெறுவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அரசு ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவி உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் இடத்தில், சிடி4 எண்ணிக்கை (ரத்தத்தில் ஒரு வகை எதிர்ப்புச் செல் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு) எடுத்தேன். ஊதா மூடி டியூபில் ரத்தம் வரும். 50 மைக்ரோலிட்டர் அளந்து ரீஏஜென்டில் விட்டு, கலக்கி, ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, அப்புறம் மிஷினில் ஏற்றுவோம். ஒரு துளி கூடினால் எண் கூடிவிடும், குறைந்தால் குறைந்துவிடும். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போகும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அந்த எண் 350க்குக் கீழே போனால்தான் மருந்தே தொடங்குவார்கள். 2017க்குப் பிறகு எண் எதுவானாலும் மருந்து உண்டு என்று ஆனது. அதனால் சிடி4 என்ற எழுத்தை ஒரு ரிப்போர்ட்டில் பார்த்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக என்னால் முடியாது.

அத்தானுக்கு 64 வயது. ரப்பர் பால் வெட்டியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். முப்பது வருஷம் பீடி. போன ஆவணியில் சிறுநீரோடு ரத்தம் வந்தது, வலி கொஞ்சமும் இல்லை. வலி இல்லாததால் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. (வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும், டாக்டரிடம் போங்கள். இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் சரி.) சிறுநீர்ப்பையில் கட்டி. திருவனந்தபுரத்தில் உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் திரும்ப வரக்கூடிய வகை. ஆகவே பிசிஜி மருந்து, வாரம் ஒன்றாக ஆறு வாரம்.

பிசிஜி என்றால் குழந்தை பிறந்ததும் இடது தோளில் போடும் அதே காசநோய்த் தடுப்பூசிதான். கால்மெட், கெரின் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருஷம் மாட்டுக் காசநோய்க் கிருமியை ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதையே சிறுநீர்ப்பைக்குள் நேராக விட்டால் அங்குள்ள புற்று திரும்ப வருவது குறைகிறது என்று 1976இல் கனடாவில் மொராலெஸ் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளை வைத்து எழுதினார். இன்றும் இந்த வகைப் புற்றுக்கு முதலில் கொடுப்பது அதுதான். மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டு, இரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் அடக்கி வைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில மணி நேரம், ஒவ்வொரு தடவை கழிப்பறை போனதும் பிளீச்சிங் ஊற்றி வைக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால் இந்தக் கவனம்.

மூன்றாவது டோஸ் ஒரு வியாழக்கிழமை. ராத்திரி குளிர்காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். இது எதிர்பார்த்ததுதான், டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் அத்தான் பயந்துவிட்டார். ‘உடம்பில் சக்தி இருக்கா என்று பார்த்துவிடுவோம்’ என்று மருமகன் லேபுக்கு போன் போட்டான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆள் வந்தது.

இங்கே நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வந்த பெண்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தாள். பெயர், வயது கேட்டு டியூபில் லேபிள் ஒட்டிய பிறகுதான் ஊசியை எடுத்தாள். இரண்டு தரம் குத்தவில்லை. டியூபை மெதுவாக எட்டுப் பத்து தடவை சாய்த்துக் கலக்கினாள், உதறவில்லை. சிடி4 டியூபை ஐஸ் பெட்டியில் வைக்காமல் தனியாக வைத்தாள் என்று அக்கா சொன்னாள். இது பலருக்குத் தெரியாத விஷயம். அந்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. ரத்தம் எடுத்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

சிக்கல் ரிப்போர்ட்டில். ஐந்து பக்கம். ரத்த அணுக்கள், சிஆர்பி, வைட்டமின் டி எல்லாம் வழக்கமானவை. நாலாம் பக்கத்தில் சிடி4: 438. பக்கத்தில் சிவப்பில் கீழ்நோக்கிய அம்பு. அடியில் தடித்த எழுத்தில், தமிழில்: ‘எதிர்ப்பு சக்தி: குறைவு’. அதற்கும் கீழே உணவு ஆலோசகரின் நம்பர். அவர் போனில் பேசிய நேரம் ஆறு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் 1,850 ரூபாய் டப்பா ஒன்றைப் பற்றி. புற்றுநோய்க்கு சிகிச்சை நடக்கிறதா, என்ன மருந்து போகிறது என்று அவரும் கேட்கவில்லை, ரத்தம் எடுக்க எழுதிய ஃபாரத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

அத்தான் நாலாவது டோஸுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். “மக்களே, எனக்க உடம்புல சக்தியே இல்லன்னு இதுல போட்டிருக்கான். உயிருள்ள கிருமிய உள்ள விட்டா நான் தாங்குவேனா?” என்றார். கேள்வி தப்பில்லை. உண்மையிலேயே எதிர்ப்பாற்றல் அடிபட்டவர்களுக்கு, உதாரணமாக உறுப்பு மாற்று செய்து அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, பிசிஜி கொடுக்கத் தயங்குவார்கள். ஆனால் அதை டாக்டரிடம் கேட்காமல், சிவப்பு அம்பைப் பார்த்து அவரே முடிவெடுத்துவிட்டார். தடித்த எழுத்து அவரை அப்படிச் செய்ய வைத்தது.

முதலில் 438ஐப் பார்ப்போம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருப்பதை இயல்பு என்று எழுதுவார்கள். ஆனால் இந்த எண் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மாறும். காலையில் குறைவாக இருக்கும், மாலையில் கூடும். காய்ச்சல் வந்தால் இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சல் விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்த 438ஐ வைத்து ஒருவருக்கு சக்தி குறைவு என்று எழுத முடியாது. எங்கள் மையத்தில் இப்படி ஒரு எண் வந்தால், உடம்பு சரியான பிறகு இன்னொரு தடவை வரச்சொல்லுவோம், அவ்வளவுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். அத்தானுக்கு இதைத்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன்.

சிடி4 என்பது ஹெல்பர் டி செல்லின் அடையாளம். தமிழில் உதவி டி செல் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் போலத் தோன்றும். வேலையைப் பார்த்தால் மேஸ்திரி வேலை. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்போம் இல்லையா, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. காலில் நடந்ததை அங்கே கொண்டுபோய்ச் சொல்ல ஒரு செல் இருக்கிறது. கிளைகிளையாக இருப்பதால் டென்ட்ரிடிக் செல் என்று பெயர். 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மன் கண்டு எழுதியது. அது கிருமியின் துண்டையோ, புற்றுச் செல்லின் துண்டையோ தன் மேல் ஏந்திக்கொண்டு நெறிக்குள் போகும். அங்கே ஆயிரக்கணக்கான ஹெல்பர் செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துண்டுதான் பொருந்தும், சாவி பூட்டு மாதிரி. பொருந்திய செல் அந்த டென்ட்ரிடிக் செல்லைத் தொட்டு, ‘சரி, இது ஆபத்தான சமாச்சாரம்தான்’ என்று உறுதி கொடுக்கும். அந்த உறுதி கிடைத்த பிறகுதான் டென்ட்ரிடிக் செல்லுக்குக் கொல்லும் செல்களை, அதாவது சிடி8 செல்களை, முழுசாகத் தயார் செய்யும் தகுதி வருகிறது. 1998இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே இதழில் இதைத் தனித்தனியாகக் காட்டின. ஹெல்பர் இல்லாமல் தயாரான கொல்லும் செல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதே எதிரி மறுபடி வந்தால் ஞாபகமும் சரியாக இருக்காது.

ஹெல்பர் செல் அதோடு நிற்பதில்லை. புற்று இருக்கும் இடத்துக்கே போய் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதனால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சுறுசுறுப்பாகும். ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களும் தங்கள் துண்டுகளை வெளியே காட்டத் தொடங்கும்.

பிசிஜி செய்வது இதைத்தான். கிருமி சிறுநீர்ப்பையின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் என்பதால் ஹெல்பர் செல்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. கூட்டமாக அந்தச் சுவருக்குள் இறங்குவார்கள். அவர்கள் சுரக்கும் பொருள்களைச் சிறுநீரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். எலிகளில் சிடி4 செல்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால் பிசிஜி வேலை செய்யவில்லை. சிடி8 செல்களை நீக்கினாலும் அப்படித்தான், இரண்டும் வேண்டும். ஆகவே மூன்றாவது டோஸுக்கு வந்த காய்ச்சலையும் எரிச்சலையும் பார்த்து சக்தி இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை அத்தான், உள்ளே கூட்டம் சேர்ந்திருக்கிறது என்றேன். (இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கதை வேறு, உடனே போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.)

இப்போது அந்த 438 எங்கே எண்ணியது? கை நரம்பில். உடம்பிலுள்ள லிம்ஃபோசைட்டுகளில் (டி செல்களும் சேர்ந்த வெள்ளை அணு வகை) சுமார் 2 சதவீதம்தான் ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் நெறிகளில், மண்ணீரலில், குடலில், எலும்பு மஜ்ஜையில். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் நிற்கும் ஆட்களை எண்ணிவிட்டுக் கேரளத்தில் எந்த வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்ல முடியுமா? சிறுநீர்ப்பைச் சுவரில் எத்தனை ஹெல்பர் செல் இறங்கியிருக்கிறது என்பதை இந்த பேக்கேஜால் சொல்லவே முடியாது.

இன்னொன்று உண்டு. எனக்கே வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் இதன் முக்கியம் புரிந்தது. சிடி4 என்று எண்ணும் அந்தக் கூட்டத்துக்குள் ஹெல்பர்கள் மட்டும் இல்லை, அடக்கி வைக்கும் செல்களும் இருக்கின்றன. ரெகுலேட்டரி டி செல் என்பார்கள். நம் உடம்பையே நாம் தாக்காமல் இருக்க அவை அவசியம். 1995இல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார், 2025இல் அவரோடு மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. ஆனால் பல புற்றுக்கட்டிகள் இந்தச் செல்களைத் தங்களைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு தப்பிக்கின்றன. இரண்டு வகைச் செல்லின் மேற்பரப்பிலும் சிடி4 இருப்பதால் மிஷின் இரண்டையும் சேர்த்தே எண்ணும். ஆகவே எண் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று புற்றுநோய் விஷயத்தில் கோடு போட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சிவப்பு அம்பு தாளில் இருக்கக் கூடாது என்கிறேன்.

எண்ணிக்கைக்குப் பொருளே இல்லையா என்றால், உண்டு. எச்ஐவி அதைத்தான் உலகத்துக்குக் காட்டியது. 1981இல் அமெரிக்காவில் இளைஞர்களுக்கு கபோசி சார்கோமா என்ற அபூர்வமான தோல் புற்று வரத் தொடங்கியபோதுதான் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று தெரிந்தது. உடைந்தது இந்த ஹெல்பர் செல். எச்ஐவி உள்ள பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேரை நான் அப்படி இழந்திருக்கிறேன், இருவரும் என்னைவிட வயதில் சின்னவர்கள். ஆனால் அப்படி அதிகமானவை பெரும்பாலும் வைரஸால் வரும் புற்றுகள். அங்கே பலருக்கு எண்ணிக்கை 200க்கும் கீழே சரிந்து கிடக்கும். காய்ச்சலுக்கு மறுநாள் 438 இருக்கும் ஒரு ரப்பர் தொழிலாளியின் கதை அது இல்லை.

எண்ணிக்கையைவிட அந்தச் செல் எதைக் கற்றிருக்கிறது என்பது பெரிது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சியாட்டிலில் மெலனோமா என்ற தோல் புற்று நுரையீரல்வரை பரவிய 52 வயது ஆளின் ரத்தத்திலிருந்தே, அவர் புற்றை அடையாளம் காணும் ஹெல்பர் செல்களை மட்டும் தேடி எடுத்து, சுமார் 500 கோடியாகப் பெருக்கித் திரும்ப ஏற்றினார்கள். இரண்டு மாதத்தில் ஸ்கேனில் கட்டி இல்லை, இரண்டு வருஷம் கழித்தும் இல்லை. ஒரே ஒரு ஆள்தான், எல்லாருக்கும் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 2010இல் கார் டி செல் சிகிச்சை (நோயாளியின் டி செல்களையே ஆய்வகத்தில் மாற்றித் திரும்ப ஏற்றுவது) எடுத்த இரண்டு ரத்தப் புற்று நோயாளிகளைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும், உடம்பில் தங்கிக் காவல் இருந்தவை பெரும்பாலும் சிடி4 செல்களாகவே இருந்தன. கொல்லும் செல்கள்தான் வீரர்கள் என்று நினைத்த பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதா என்று சட்டையை விலக்கிப் பார்த்தார். அக்காவுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. மறு வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார், சிறுநீர்ப் பரிசோதனையைப் பார்த்தார், நாலாவது டோஸைப் போட்டார். அப்படியே ஆறும் முடிந்தது. மூன்று வாரம் கழித்து அதே லேபில், அத்தானின் மனசுக்காக, சிடி4 மட்டும் மறுபடி எடுக்கச் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தது. 574. அம்பு இல்லை, கறுப்பு எழுத்து. இந்த எண்ணும் அவர் சிறுநீர்ப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று மறுபடி விளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அன்று வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள்.

லேபின் மேனேஜர் சின்னப் பையன். நேரில் போய்ப் பேசினேன், பொறுமையாகக் கேட்டான். இரண்டு விஷயம் சொன்னேன். ஃபாரத்தில் ‘புற்றுநோய்க்கு சிகிச்சை நடக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்ததா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா’ என்று கேளுங்கள். ‘எதிர்ப்பு சக்தி: குறைவு’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘இந்த எண்ணை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று போடுங்கள். என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

சரி, இதை எடுக்கலாமா? எச்ஐவிக்காக சிடி4 வேண்டியவர்களுக்கு அரசு மையத்தில் இலவசம், அங்கே போங்கள். புற்றுநோய்க்கு சிகிச்சையில் இருப்பவர்கள், உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இதை எடுக்காதீர்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த லேபையே தாராளமாகக் கூப்பிடலாம், நானே கூப்பிடுவேன். ரத்தம் எடுப்பதற்கு ஐந்து. எண்ணிக்கைக்கு நாலரை. ரிப்போர்ட் எழுதிய விதத்துக்கு ஒன்று. அந்த டப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமிக்கு அதே லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது, வாங்கிப் பார்த்தேன். ஃபாரத்தில் காய்ச்சல் பற்றிய கேள்வி வந்திருக்கிறது. சிவப்பு வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போகிறேன். அத்தானுக்கு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் தேதி அதற்கு அடுத்த வியாழன்.